லேபிளின் கடைசி வரி: லண்டனுக்குப் படிக்க வந்தவர்கள் கேலரிக்குப் போவது எப்படி

செப்டம்பரில் பெட்டியோடு வந்து இறங்கும் தம்பி தங்கைகள் வங்கிக் கணக்கு, சிம் கார்டு, அறை வாடகை எல்லாம் விசாரித்து முடித்த பிறகு ஒன்று கேட்பார்கள்: "அக்கா, காசு செலவில்லாமல் போய் வர இங்கே என்ன இருக்கு?" நான் கேலரியைச் சொல்வேன். உடனே முகம் சுருங்கும். "எனக்கு ஓவியமெல்லாம் தெரியாதே!" எனக்கும் தெரியாது. நான் படித்தது டேட்டா சயின்ஸ், தங்கியிருப்பது ஈஸ்ட் ஹாமில் ஒரு மாடி அறை. ஆனால் இந்த நாட்டுக்காரர்கள் எதைப் பெருமையாக நினைக்கிறார்கள், எதைப் பேச வந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு வானிலைக்குத் தாவுகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் ஓவியங்களுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிள்களைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். குறிப்பாக, யாரும் படிக்காத கடைசி வரியை. அதை எப்படிப் படிப்பது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காசு விஷயம். 2001 டிசம்பரிலிருந்து பிரிட்டனின் தேசிய மியூசியங்களில் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. நேஷனல் கேலரி, டேட் பிரிட்டன், டேட் மாடர்ன், பிரிட்டிஷ் மியூசியம், வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம்) எல்லாம் இதில் அடக்கம். வாசலில் நன்கொடைப் பெட்டியும், கார்டைத் தட்டும் இயந்திரமும் இருக்கும். போடாமல் நேராக உள்ளே நடக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சிறப்புக் கண்காட்சிகளுக்குத்தான் டிக்கெட், அது மாணவர் பட்ஜெட்டைக் கடித்துவிடும். 16 முதல் 25 வயதுக்குள் இருந்தால் டேட் கலெக்டிவ் என்ற திட்டத்தில் இலவசமாகச் சேர்ந்துகொள்ளுங்கள். டேட் கேலரிகளின் கண்காட்சிக்கு 5 பவுண்டுதான். 25 தாண்டியவர்கள் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டி மாணவர் சலுகை கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

அடுத்தது நேரம். டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அறையில் தனியாக உட்கார்ந்து ஹீட்டர் கட்டணத்தை நினைத்துக் கவலைப்படுவதைவிட வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுங்கள். அன்று நேஷனல் கேலரி இரவு 9 மணி வரை, வி அண்ட் ஏ 10 மணி வரை திறந்திருக்கும். கூட்டம் குறைவு, சூடு இலவசம். என்னைப் போல டிஸ்ட்ரிக்ட் லைன் ஓரத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி: ஆல்ட்கேட் ஈஸ்ட், எம்பேங்க்மென்ட், சவுத் கென்சிங்டன் என்று ஒரே ரயில் முக்கியமான கேலரிகள் சிலவற்றுக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். வரைய ஆசையிருந்தால் பென்சில் மட்டும். பேனாவை வெளியே எடுத்தால் ஒரு காவலர் மெல்ல நடந்து வருவார்.

ஒரு நாளில் முழு கேலரியையும் பார்க்க முயலாதீர்கள். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு அது சரி, அவர்களுக்குத் திரும்பி வர நேரமில்லை. உங்களுக்கு ஒரு வருடம் இருக்கிறது, கட்டணமும் இல்லை. ஒரு தடவைக்கு ஓர் அறை, அதில் இரண்டு படம் போதும்.

ஒரு படத்தின் முன்னால்

எங்கே தொடங்குவது என்று கேட்டால், நேஷனல் கேலரியில் கெய்ன்ஸ்பரோ வரைந்த ஆண்ட்ரூஸ் தம்பதி படத்திடம் அனுப்புவேன். 1750 வாக்கில் வரைந்தது. பெரிய படம் இல்லை, கையை விரித்தால் அடங்கிவிடும். மாட்டும் அறையை அவ்வப்போது மாற்றுவார்கள், வாசலில் இருப்பவரிடம் கேளுங்கள். கேட்டால் சந்தோஷமாக வழி சொல்வார்கள். நாள் முழுக்க அவர்களிடம் வருகிற கேள்வி கழிப்பறை எங்கே என்பதுதான்.

லேபிளைப் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் படத்தை மட்டும் பாருங்கள். இடது ஓரத்தில் ஓக் மரத்தடியில் நீலப் பட்டு உடுத்திய இளம்பெண் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் துப்பாக்கியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கணவன், அவன் காலடியில் நாய். கல்யாண ஜோடியின் படம் என்றால் அவர்கள் நடுவில் இருக்க வேண்டாமா? இங்கே பாதிப் படம் நிலம். அறுத்துக் கட்டி நிறுத்திய கதிர்க்கட்டுகள் வரிசையாக, அதற்கப்பால் ஆடுகள் மேயும் புல்வெளி, மேலே மழை வரலாமா என்று யோசிக்கும் மேகம். இது இரண்டு பேரின் படமா, ஒரு பட்டாவின் படமா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். அப்புறம் அந்தப் பெண்ணின் மடியைப் பாருங்கள். வண்ணம் தீட்டாமல் விட்ட ஒரு திட்டு தெரியும். அங்கே வேட்டையாடிய பறவை வர இருந்ததா, குழந்தையா, புத்தகமா என்று இன்னும் வாதாடுகிறார்கள். முகத்தில் அவள் காட்டும் எரிச்சல், இவ்வளவு நேரம் உட்கார வைத்தும் முடிக்கவில்லையே என்பதற்காகவோ என்னவோ.

இப்போது லேபிள். முதல் வரியில் ஓவியர் பெயர், பிறந்த இறந்த ஆண்டு. அடுத்து தலைப்பு, ஆண்டு, ஒரு பத்தி விளக்கம். எல்லோரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருக்கும். இந்தப் படத்துக்கு அது, பல அறக்கட்டளைகளும் ஒரு தொலைக்காட்சி நிறுவனமும் பணம் போட்டு 1960-ல் வாங்கியது என்று சொல்லும். அதாவது அந்த நிலமும் பட்டுத் துணியும் 200 வருடத்துக்கு மேல் தனியார் கையில் இருந்துவிட்டு, தொலைக்காட்சி வந்த காலத்தில்தான் பொதுச் சொத்தானது.

கடைசி வரியைப் படிப்பது

அந்த வரியில் பெரும்பாலும் நான்கு வகைதான் வரும். வாங்கியது, யாரோ அன்பளிப்பாகத் தந்தது, உயில் எழுதி வைத்தது, வாரிசு வரிக்குப் பதிலாக அரசு ஏற்றுக்கொண்டது. நான்காவது வகைதான் வேடிக்கை. பழைய பிரபு குடும்பத்தில் பெரியவர் இறந்ததும் வரி கட்டப் பணமில்லை என்றால் சுவரில் இருக்கும் ஓவியத்தைக் கழற்றிக் கொடுத்துக் கணக்கை நேர் செய்யலாம். ஒரு வர்க்கம் மெல்ல மெல்லக் கரைந்ததை இப்படிச் சுவர் சுவராகப் படிக்க முடியும்.

பாரிஸில் அரசரின் சேகரிப்பைப் புரட்சி பிடுங்கிப் பொதுமக்களுக்குக் கொடுத்தது. இங்கே அப்படி நடக்கவில்லை. 1824-ல் நாடாளுமன்றம், ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைன் என்ற காப்பீட்டு வணிகர் விட்டுச்சென்ற 38 படங்களை 57,000 பவுண்டுக்கு வாங்கி நேஷனல் கேலரியைத் தொடங்கியது. அரச குடும்பத்தின் ஓவியங்கள் இன்றும் தனிச் சேகரிப்பு. பக்கிங்ஹாம் அரண்மனை கேலரிக்குப் போனால் டிக்கெட் எடுக்க வேண்டும். பேரம் பேசி வாங்குவது, யாரையும் கீழே இறக்காமல் இருப்பது என்று இந்த ஊர் அரசியல் அத்தனையும் இதில் இருக்கிறது என்பேன்.

அதே கேலரியில் ஸ்டப்ஸ் வரைந்த விசில்ஜாக்கெட் குதிரை நிற்கிறது. கிட்டத்தட்ட நிஜ அளவு. பின்னணியில் மரம், வானம், ஆள் எதுவும் இல்லை. கடைசி வரி: தேசிய லாட்டரி நிதியின் உதவியோடு 1997-ல் வாங்கியது. மூலைக்கடையில் லாட்டரிச் சீட்டு சுரண்டிய கோடிக்கணக்கானவர்களின் காசில் ஒரு பிரபுவின் பந்தயக் குதிரை பொதுவுக்கு வந்திருக்கிறது. டர்னரின் டெமரேர் கப்பல் படத்துக்கு "டர்னரின் உயில், 1856" என்று இருக்கும். 1805-ல் பிரெஞ்சு, ஸ்பானியக் கடற்படைகளை பிரிட்டன் வென்ற டிரஃபால்கர் போரில் சண்டையிட்ட கப்பல், 1838-ல் உடைப்பதற்காகத் தேம்ஸில் இழுத்துப் போகப்படும் காட்சி. முன்னால் கறுப்புப் புகை கக்கும் குட்டி நீராவிப் படகு, பின்னால் பேய்போல வெளிறிய பாய்மரக் கப்பல். கையில் 20 பவுண்டு நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள், 2020-லிருந்து டர்னரும் இந்தக் கப்பலும் அதில்தான் இருக்கிறார்கள். வெற்றியின் சின்னமாக இந்த நாடு நோட்டில் அச்சடித்திருப்பது, உடைக்கக் கொண்டுபோகும் ஒரு பழைய கப்பலை. இந்த ஊர்ப் பெருமை எப்போதும் கொஞ்சம் துக்கம் கலந்தே வரும், பழகிக்கொள்ளுங்கள்.

டேட் பிரிட்டனில், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் நீரில் மூழ்கி இறக்கும் ஒஃபீலியாவை மில்லே வரைந்த படத்தின் முன்னால் எப்போதும் கூட்டம் இருக்கும். மாடலாக இருந்த எலிசபெத் சிடால் தண்ணீர்த் தொட்டியில் கிடந்தபோது அடியில் வைத்திருந்த விளக்குகள் அணைந்து அவருக்குச் சளி பிடித்த கதையை எல்லோரும் சொல்வார்கள். கடைசி வரி: சர் ஹென்றி டேட் அன்பளிப்பு, 1894. டேட் சர்க்கரை வியாபாரி. அந்தக் கேலரியே அவர் காசில் 1897-ல் திறந்தது. சர்க்கரை என்றதும் அடிமை முறை நினைவுக்கு வருகிறதா? இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. 1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது டேட் 14 வயதுப் பையன். அவர் அடிமைகளை வைத்திருந்தார் என்று சொன்னால் தப்பு. ஆனால் அவர் இறங்கிய தொழில் அடிமை உழைப்பின் மேல் எழுந்தது என்றால் அது சரி, இதை டேட் நிறுவனமே தன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஜமைக்காவிலிருந்து 1951-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்க வந்து, பிறகு பிரிட்டனின் பெரிய கலாசார ஆய்வாளராக ஆன ஸ்டூவர்ட் ஹால், "ஆங்கிலேயரின் தேநீர்க் கோப்பையின் அடியில் கிடக்கும் சர்க்கரை நான்தான்" என்று ஒருமுறை சொன்னார். அவரும் நம்மைப் போல மாணவராக வந்து இறங்கியவர்தான்.

நம் பக்கத்துப் பொருள்கள்

பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனால் எகிப்து மம்மியைச் சுற்றியுள்ள கூட்டத்தை விட்டுவிட்டு 33-ஆம் அறைக்குப் போங்கள். அதன் கோடியில் கண்ணாடிக்குப் பின்னால் 33ஏ என்ற அறையில் ஆந்திராவின் அமராவதி பௌத்தச் சிற்பங்கள். சில நேரம் பூட்டியிருக்கும், அப்போது கண்ணாடி வழியே பார்க்கலாம். ஒரு பலகைக் கல்லைத் தேடுங்கள்: ஒரு பக்கத்தில் போதி மரத்தை வணங்குபவர்கள், புத்தர் உருவமே இல்லை. சில நூற்றாண்டு கழித்து அதே கல்லைத் திருப்பி மறுபக்கத்தில் முழு ஸ்தூபியையும் செதுக்கியிருக்கிறார்கள். தூண், வேலி, மாலை, கூட்டம் என்று ஒரு விரலளவு இடம்கூட சும்மா விடவில்லை.

கடைசி வரியில் உள்ள எண் 1880 என்று தொடங்கும். பிரிட்டிஷ் மியூசியத்தில் எண்ணின் முதல் பகுதி, பொருள் பதிவேட்டுக்கு வந்த ஆண்டு. ஆனால் கல் லண்டனுக்கு வந்தது அதற்கும் முன்பு. வால்டர் எலியட் என்ற மதராஸ் அதிகாரி 1845-ல் தோண்டி எடுத்தவை, வருடக்கணக்கில் மதராஸில் கிடந்து, 1859-ல் கப்பலேறி, இங்கே கைமாறிக் கடைசியில் இந்த மியூசியத்துக்கு வந்தன. மீதியில் பெரும் பகுதி எழும்பூர் மியூசியத்தில். எண்ணை மியூசியத்தின் இணையப் பட்டியலில் தட்டினால் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று விரியும். ஃபோனிலேயே செய்யலாம். எல்லாப் பொருளுக்கும் இதைச் செய்து பாருங்கள், சிலவற்றுக்குக் கதை நீளும், சிலவற்றுக்குச் சந்தேகப்படும்படி சட்டென்று முடிந்துவிடும்.

கோபம் வரும். வரட்டும். அதே நேரம் "இவ்வளவு அருகில் இருந்து இவ்வளவு நல்ல வெளிச்சத்தில் பார்த்ததே இல்லையே" என்றும் தோன்றும், அதுவும் வரட்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை. ஆனால் வாதாட வேண்டி வந்தால் விவரத்தோடு வாதாடுங்கள். 1963-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் மியூசியம் தன் பொருள்களைக் கொடுத்துவிடுவதற்கு மிகக் குறுகிய விதிவிலக்குகளையே வைத்திருக்கிறது. எல்லா நிறுவனத்துக்கும் அந்தத் தடை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் மியூசியம் 1967-ல் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார் வெண்கலச் சிலை, கும்பகோணம் பக்கத்துச் சுந்தரப்பெருமாள் கோவிலில் இருந்ததை 1957-ல் எடுத்த ஒரு புகைப்படம் காட்டிக்கொடுத்தது. படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் கோப்பில் இருந்தது. 2024-ல் பல்கலைக்கழகம் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. இன்னும் பழைய கதை பத்தூர் நடராஜர். 1976-ல் மண்ணிலிருந்து கிடைத்து, விற்கப்பட்டு, 1982-ல் லண்டன் போலீஸ் கைப்பற்றியது. வழக்கில் பத்தூர் விசுவநாத சுவாமி கோயிலும் ஒரு தரப்பாக லண்டன் நீதிமன்றத்தில் நின்றது, 1988-ல் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. 1991-ல் நடராஜர் ஊர் திரும்பினார். சட்டம் படிக்கும் நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

எம்பேங்க்மென்ட் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் ஜான் ஆடம் தெருவில் ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் கட்டடம் இருக்கிறது. 1910 ஜனவரியில் அங்கே ஒரு கூட்டம். மதராஸ் கலைப்பள்ளியில் முன்பு தலைமை வகித்த ஹேவல், இந்தியக் கலையைப் பற்றிப் பேசினார். தலைமை தாங்கிய ஜார்ஜ் பேர்ட்வுட், ஜாவாவின் ஒரு புத்தர் சிலையைக் காட்டி, வேகவைத்த கொழுப்புப் புட்டிங்கும் இதே அமைதியைத் தரும் என்கிற மாதிரி கிண்டலடித்தார். அடுத்த மாதம் கலைஞர்களும் விமர்சகர்களுமாக 13 பேர் டைம்ஸ் இதழில் கையெழுத்திட்டு எதிர்ப்புக் கடிதம் வெளியிட்டார்கள். அதே ஆண்டு இந்தியக் கலைக்காக இந்தியா சொசைட்டி பிறந்தது. அதன் பின்னால் இருந்தவர்களில் ஆனந்த குமாரசாமியும் ஒருவர்: கொழும்பில் பிறந்தவர், தமிழ்த் தந்தை, ஆங்கிலத் தாய், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படித்தது நிலவியல். கல்லைப் பற்றிப் படித்தவர் கற்சிலையைப் பற்றி இந்த ஊருக்கே பாடம் எடுத்தார். நம் துறை வேறு, நமக்கென்ன தெரியும் என்று ஒதுங்கும் இன்ஜினியரிங் கூட்டத்துக்கு நான் சொல்லும் உதாரணம் இவர்தான்.

இன்றைய பிரிட்டன்

பழைய ஓவியம் மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்பினால் இந்த நாடு தொப்பி போட்ட வெள்ளைக்காரர்களால் ஆனது என்று நினைத்துக்கொள்வீர்கள். உங்கள் பஸ்ஸில் அப்படியா இருக்கிறது?

ஆண்ட்ரூஸ் தம்பதியைப் பார்த்தீர்கள் அல்லவா, இப்போது ஃபோனில் யின்கா ஷோனிபாரேயின் 1998 படைப்பைத் தேடுங்கள். லண்டனில் பிறந்து லாகோஸில் வளர்ந்தவர். அதே தம்பதி, அதே பெஞ்ச், அதே நாய், துப்பாக்கி. தலை மட்டும் இல்லை, நிலமும் இல்லை. உடை, ஆப்பிரிக்கத் துணி என்று உலகம் நம்பும் பளிச்சென்ற அச்சுத் துணி. அந்தத் துணியின் கதை: இந்தோனேசிய பாத்திக்கைப் பார்த்து டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் செய்து மேற்கு ஆப்பிரிக்காவில் விற்றது, ஷோனிபாரே அதை வாங்கியது லண்டன் பிரிக்ஸ்டன் சந்தையில். அசல் சிலைகள் கனடாவில். ஆனால் கிரீனிச்சில் கடல்சார் மியூசியத்துக்கு வெளியே அவருடைய ராட்சச பாட்டிலும், அதற்குள் அதே துணியில் பாய் விரித்த, டிரஃபால்கர் போரின் தளபதி நெல்சனின் கப்பலும் இருக்கின்றன. அதைப் பார்க்கவும் காசில்லை.

டேட் சேகரிப்பில் கிறிஸ் ஒஃபிலியின் 1998 ஓவியம் ஒன்று உண்டு. சுவரில் மாட்டாமல், தரையில் இரண்டு யானைச் சாண உருண்டைகளின் மேல் நிற்கும். இப்போது காட்சியில் இருக்கிறதா என்று டேட் இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். ஒரு கறுப்பினப் பெண் கண்ணை மூடி அழுகிறாள். தூரத்தில் நின்றால் நீலக் கண்ணீர்த் துளிகள். அருகே போய்க் குனிந்தால் ஒவ்வொரு துளிக்குள்ளும் ஓர் இளைஞனின் சின்னப் புகைப்படம்: ஸ்டீபன் லாரன்ஸ், 1993-ல் தெற்கு லண்டனில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது நிறவெறியர்களால் கொல்லப்பட்ட மாணவர். அழுவது அவருடைய தாய். இருட்டில் ஒளிரும் வண்ணத்தில் அவர் பெயரும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கின்றன, கேலரி விளக்கு எரியும்போது தெரியாது. அந்தக் கொலையைப் போலீஸ் சரியாக விசாரிக்கவில்லை. இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் இங்கே போலீஸைப் பற்றிப் பேசும்போது கறுப்பின நண்பர்களின் குரல் ஏன் மாறுகிறது என்று எனக்கு விளங்கியது.

2024-ல் பிரிட்டனின் பெரிய கலை விருதான டர்னர் பரிசு வாங்கிய ஜஸ்லீன் கௌர் கிளாஸ்கோவில் பிறந்த சீக்கியப் பெண். அவருடைய கண்காட்சியில் ஒரு சிவப்பு ஃபோர்டு எஸ்கார்ட் கார், அதன் மேல் ராட்சச அளவில் வெள்ளைக் குரோஷா விரிப்பு. நம் வீடுகளில் டிவி மேல் போர்த்தியிருக்குமே, அதே விரிப்பு கார் அளவுக்கு வளர்ந்தது போல. இந்த ஊருக்கு வந்த ஓர் அப்பாவின் முதல் கார் அது. என்னைக் கேட்டால் பிரிட்டிஷ் என்பது என்ன என்று விளக்கும் பத்துப் புத்தகத்துக்கு இது சமம். இது கலையா என்று என் அறைத்தோழி இன்னும் சண்டை போடுகிறாள். போடட்டும்.

கேலரிக்கு வெளியேயும் கொஞ்சம் நடங்கள். ஆல்ட்கேட் ஈஸ்டில் இறங்கினால் ஸ்டேஷனை ஒட்டியே ஒயிட்சாப்பல் கேலரி. 1901-ல் கிழக்கு லண்டன் ஏழைகளுக்காகத் திறந்தது. 1939-ல், ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் குண்டுவீச்சைக் காட்டும் பிகாசோவின் குவெர்னிகா ஓவியம் இங்கே வந்தபோது நுழைவுக்கட்டணமாக ஸ்பெயின் போராளிகளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக்கொண்டார்கள். எதிரே சற்றுத் தள்ளி, 1978-ல் தெருவில் கொல்லப்பட்ட வங்காளத் துணித் தொழிலாளி அல்தாப் அலியின் பெயரில் ஒரு பூங்கா. அங்கிருந்து பிரிக் லேனுக்குள் நடந்தால் ஒரு மூலையில் செங்கல் கட்டடம்: 1743-ல் பிரான்ஸிலிருந்து ஓடிவந்த புராட்டஸ்டன்ட் அகதிகளின் தேவாலயம், பிறகு மெதடிஸ்ட் சபை, 1898-லிருந்து யூதர்களின் தொழுகைக்கூடம், 1976-லிருந்து மசூதி. சுவர் மாறவே இல்லை, உள்ளே வணங்குபவர்கள்தான் மாறினார்கள். இந்த நடைக்கு ஒரு மணி நேரம் போதும். அரண்மனைக் காவலர் மாறுவதைப் பார்க்கக் கம்பியில் தொங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

பேசுவது எப்படி

வகுப்பிலோ நண்பர்களோடோ படத்தைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் "அழகாக இருக்கிறது" என்று தொடங்காதீர்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: "அந்தப் பெண்ணின் மடி காலியாக இருக்கிறது." உடனே எதிரில் இருப்பவர் ஏன் என்பார், வாதம் தொடங்கிவிடும். ஓவியர் பெயரை உச்சரிப்பதில் தடுமாறினால் கவலை வேண்டாம், அவர்களே தடுமாறுவார்கள். பிடிக்கவில்லை என்றும் சொல்லலாம், காரணம் ஒன்று மட்டும் கூடவே வையுங்கள். இங்கே பேராசிரியர்களுக்கு அது மரியாதைக் குறைவு இல்லை, தலையாட்டினால்தான் ஏமாற்றம். பிரிட்டிஷ் மியூசியத்தில் தன்னார்வலர்கள் அரை மணி நேரம் போல இலவசமாக ஓர் அறையைச் சுற்றிக்காட்டுவார்கள். ஓய்வுபெற்ற பெரியவர்கள் அதிகம், கேள்வி கேட்டால் மலர்ந்துவிடுவார்கள். நம் பக்கத்துச் சிலைகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை மெல்லச் சேர்த்துச் சொல்லுங்கள், குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

லண்டனுக்கு வெளியே படிப்பவர்கள் ஏங்க வேண்டாம். மான்செஸ்டர் மியூசியத்தில் 2023-ல் திறந்த தெற்காசிய கேலரி, உள்ளூர்த் தெற்காசியர்கள் கூடி உருவாக்கியது. பிரிஸ்டலில் எம் ஷெட் மியூசியத்தில் எட்வர்ட் கோல்ஸ்டன் என்ற அடிமை வணிகரின் சிலை, 2020 ஜூனில் கூட்டம் இழுத்துத் தள்ளித் துறைமுகத் தண்ணீரில் போட்டது, மேலே தெளித்த பெயின்டோடு படுத்த நிலையிலேயே கிடக்கிறது. நிமிர்த்தி வைக்கவில்லை என்பதுதான் விஷயம். ரயிலுக்கு 16–25 ரயில்கார்டு எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். 25 வயது தாண்டியிருந்தாலும் முழுநேர மாணவருக்குக் கிடைக்கும்.

கொஞ்சம் பழகிய பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு, மாணவர்கள் பலருக்குத் தெரியாது. டர்னரின் உயிலில் வந்தவை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள்: நீர்வண்ணம், பென்சில் கிறுக்கல், பயணக் குறிப்பேடு. பெரும்பாலானவை சுவரில் இல்லை, டேட் பிரிட்டனின் அச்சு மற்றும் கோட்டோவிய அறையில் இருக்கின்றன. முன்கூட்டியே மின்னஞ்சலில் நேரம் கேட்டால் இலவசமாக எடுத்துக் காட்டுவார்கள். ஆய்வு மாணவராக இருக்க வேண்டியதில்லை. எந்தத் தாள் வேண்டும் என்று இணையப் பட்டியலில் பார்த்து அதன் எண்ணை மின்னஞ்சலில் குறிப்பிடுங்கள், பொத்தாம்பொதுவாக "டர்னர்" என்று எழுதினால் திரும்பக் கேள்வி வரும். சில வாரம் காத்திருக்க நேரலாம், அதனால் தேர்வு முடியும் மாதத்துக்கு இப்போதே எழுதிவிடுங்கள். போகும்போது அடையாள அட்டையும் ஒரு பென்சிலும் போதும், கைகழுவிவிட்டு உட்காருங்கள்.